நிறுத்தினால் திறக்கும் விளையாட்டு

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் டேவிட் பிரின் 2006இல் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய மகனின் கணக்குப் பாடப்புத்தகத்தில் ஆங்காங்கே சிறு பயிற்சிகள் இருந்தன. இந்தச் சில வரிகளை பேசிக் என்னும் நிரல்மொழியில் தட்டி, கணினியில் ஓட்டிப் பார் என்றது புத்தகம். வீட்டில் கணினிகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அந்த வரிகளை ஓட்ட அவற்றில் ஒன்றுகூட உதவவில்லை. தேடி அலுத்துப்போன தந்தையும் மகனும் கடைசியில் இணைய ஏலத்தில் ஒரு பழைய கமடோர் 64 இயந்திரத்தை வாங்கினார்கள்.

கமடோர் 64 சந்தைக்கு வந்தது 1982இல். மின்சாரம் கொடுத்ததும் நீலத் திரை ஒளிரும். பேசிக் நிரல் எழுத 38,911 பைட்டுகள் காலியாக இருக்கின்றன என்று ஒரு வரி சொல்லும். அதன் கீழே 'ரெடி' என்ற சொல், அதற்கும் கீழே மினுக்கும் ஒரு சிறு கட்டம். அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் எதைத் தட்டினாலும் இயந்திரம் அதை ஒரு கட்டளையாகவே படித்துப் பார்க்கும். நிரல் எழுதுவதற்கென்று எதையும் வாங்கவோ நிறுவவோ தேடவோ வேண்டாம். கணினியைத் திறப்பதும் நிரல் எழுதத் தொடங்குவதும் ஒரே செயலாக இருந்தன.

எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகள்வரை பேசிக் கற்ற தலைமுறைக்கு அந்தக் காலத்தின் மீது தீராத ஏக்கம் உண்டு. நடு வயது கடந்தவர்கள் பழைய இயந்திரங்களைத் தேடி வாங்குகிறார்கள், பன்னிரண்டு வயதில் எழுதிய பாம்பு விளையாட்டை மறுபடி எழுதிப் பார்க்கிறார்கள். இதில் இளமையின் பங்கு பெரியது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் இளமையைக் கழித்த பிறகும் ஏதோ மிஞ்சுகிறது என்பதே என் எண்ணம். அது உணர்ச்சி மட்டுமே என்று நான் நினைக்கவில்லை. கற்றல் முறையில் நேர்ந்த ஒரு திட்டவட்டமான இழப்பு அது. அந்தக் காலத்து எளிய விளையாட்டுகளை உள்ளே திறந்து பார்த்தால் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியும்.

*

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹனோவர் என்ற சிற்றூரில் இருக்கிறது டார்ட்மவுத் கல்லூரி. ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அங்கே கணினி கிடையாது. கணிதப் பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸ் துளையிட்ட அட்டைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரயிலேறி, பாஸ்டனை அடுத்திருந்த எம்.ஐ.டி. கணினிக்குக் கொண்டுபோவார். அட்டைகளில் ஒரு பிழை இருந்தால் அதைத் திருத்தி விடை காண அடுத்த பயணம் ஆகும்.

துறைத் தலைவர் ஜான் கெமெனி புடாபெஸ்டில் பிறந்தவர். போர்க்காலத்தில் லாஸ் அலமோசில் பணியாற்றினார், பின்பு பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டீனின் கணித உதவியாளராக இருந்தார். கெமெனியும் கர்ட்ஸும் எடுத்த முடிவு அக்காலத்தில் யாரும் நினைக்காதது. கல்லூரியில் பெரும்பாலானவர்கள் இலக்கியமும் வரலாறும் சமூகவியலும் படிப்பவர்கள். அவர்கள் உட்பட எல்லா மாணவர்களும், நூலகத்துக்குள் நுழைந்து புத்தகத்தை எடுப்பதுபோல, யாரிடமும் அனுமதி கேட்காமல் கணினியைப் பயன்படுத்த வேண்டும். இதற்கு இரண்டு தேவைகள் இருந்தன. ஒரே கணினியின் நேரத்தை நொடியின் துணுக்குகளாகப் பிரித்துப் பலருக்கும் பகிரும் ஏற்பாடு ஒன்று. எவரும் இரண்டு மூன்று வகுப்புகளில் கற்றுக்கொள்ளக்கூடிய மொழி மற்றொன்று. 1964 மே 1 அன்று விடியற்காலை 4 மணிக்கு ஜி.இ.-225 கணினியில் இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் ஓடி, இரண்டும் சரியான விடையைத் தந்தன. பேசிக் பிறந்த நேரம் அது.

முதல் பேசிக்கில் ஏறத்தாழ பதினைந்து கட்டளைச் சொற்கள்தாம். ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். 10, 20, 30 என்று இடைவெளி விட்டு எண் கொடுத்தால், பிறகு 15 என்று ஒரு வரியைத் தட்டி நடுவே செருகலாம். திரைகள் இல்லாத காலம். மாணவர்கள் உட்கார்ந்தது டெலிடைப் இயந்திரங்களின் முன்னால். தட்டியதும் விடையும் காகிதச் சுருளில் நொடிக்குப் பத்து எழுத்து வேகத்தில் அச்சாகி வரும்.

இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு விவரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் பேசிக்கில் 'இன்புட்' கட்டளை கிடையாது. நிரலுக்குத் தேவையான எண்களையெல்லாம் முன்கூட்டியே நிரலுக்குள் எழுதிவிட வேண்டும். நிரல் பேசும், ஆனால் கேட்காது. 1966இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் 'இன்புட்' சேர்ந்தது. நிரல் பாதியில் நின்று, ஒரு கேள்விக்குறியை அச்சிட்டு, எதிரே இருப்பவரின் விடைக்காகக் காத்திருக்கத் தொடங்கியது. சமவாய்ப்பு எண் ஒன்றைத் தரும் 'ஆர்.என்.டி.' என்ற வசதி தொடக்கத்திலிருந்தே மொழியில் இருந்தது. கேட்கவும் தெரிந்து, கணிக்க முடியாத எண்ணும் கைவசம் இருந்தால் விளையாட்டுக்கு வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. கெமெனியே விளையாட்டு எழுதியவர். 1965 பருவத்தில் டார்ட்மவுத் அணி பிரின்ஸ்டனை வென்ற ஆட்டத்தைக் கொண்டாடி அவர் ஓர் அமெரிக்கக் கால்பந்து விளையாட்டை எழுதினார்.

பேசிக் கற்ற அநேகமாக எல்லோரும் முதலில் எழுதியது எண் ஊகிக்கும் விளையாட்டு. கணினி 1 முதல் 100க்குள் ஓர் எண்ணை நினைத்துக்கொள்ளும். நாம் ஓர் எண்ணைச் சொல்வோம். பெரியது, சிறியது, சரி என்று மூன்றில் ஒரு விடை வரும். பத்து வரிகளில் முடிந்துவிடும் நிரல். சற்று நேரம் விளையாடிய குழந்தை முதலில் 50 என்று கேட்கத் தொடங்கும், அடுத்து 25 அல்லது 75. ஒவ்வொரு கேள்வியிலும் மிச்சம் பாதியாகிறது, எனவே ஏழு கேள்விகளுக்குள் எந்த எண்ணும் அகப்பட்டுவிடும். இதுவரை எந்த விளையாட்டும் கற்பிக்கக்கூடியதுதான்.

அடுத்த நிமிடம்தான் பேசிக்குக்கு உரியது. குழந்தை 'பிரேக்' விசையை அழுத்துகிறது. விளையாட்டு நிற்கிறது. 'லிஸ்ட்' என்று தட்டினால் பத்து வரிகளும் கண்முன் வருகின்றன. 10ஆம் வரியில் உள்ள 100ஐ 1000 ஆக்கி 'ரன்' என்று தட்டுகிறது. எண்கள் பத்து மடங்கு பெருகிவிட்டன, எழுபது கேள்விகள் தேவைப்படும் என்று நினைக்கத் தோன்றும். பத்தே கேள்விகளில் விடை கிடைக்கிறது. மடக்கை என்ற கணிதக் கருத்தைப் பாடமாகப் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்தக் குழந்தை அதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டது. ஒரே ஓர் எண்ணை மாற்றியதன் பலன்.

நிறுத்துவது, உள்ளே பார்ப்பது, ஒன்றை மாற்றுவது, மறுபடி ஓட்டுவது. இந்தச் சுற்றுதான் அந்தத் தலைமுறையின் பள்ளிக்கூடம். விளையாடுகிறவரும் விளையாட்டைச் செய்கிறவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மற்றவராக மாற ஒரு விசை போதுமானதாக இருந்தது.

*

இந்த விளையாட்டுகளை உலகெங்கும் பரப்பியவர் டேவிட் ஆல். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் கல்விப் பிரிவில் இருந்த அவர், 1973இல் 101 பேசிக் விளையாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு சிறு விளக்கம், அதன் முழு நிரல், ஓட்டிப் பார்த்தால் எப்படியிருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி. மறு ஆண்டு 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற இதழைத் தொடங்கினார். 1978இல் சிறு கணினிகளுக்கேற்ப வந்த விளையாட்டுத் தொகுப்பின் மறுபதிப்புதான் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்ற முதல் கணினி நூல்.

அந்தத் தொகுப்பில் ஒரு விளையாட்டைச் சற்று நின்று பார்க்கலாம். 'ஹமுராபி' என்று பெயர். டக் டைமன்ட் என்பவர் 1968இல் ஃபோகல் என்ற வேறொரு மொழியில் எழுதியதை ஆல் பேசிக்குக்கு மாற்றினார். நீங்கள் பண்டைய சுமேரிய நாட்டை 10 ஆண்டுகள் ஆளவேண்டும். தொடக்கத்தில் 100 குடிகள், 1,000 ஏக்கர் நிலம், களஞ்சியத்தில் 2,800 புஷல் தானியம். ஒவ்வோர் ஆண்டும் கேள்விகள் வரும்: எவ்வளவு நிலம் வாங்குவீர்கள் அல்லது விற்பீர்கள், குடிகளுக்கு எவ்வளவு தானியம் தருவீர்கள், எத்தனை ஏக்கர் விதைப்பீர்கள்? ஓர் ஆள் பிழைக்க ஆண்டுக்கு 20 புஷல் வேண்டும். ஓர் ஆள் 10 ஏக்கர்தான் பயிரிட முடியும். ஒரு புஷல் விதை இரண்டு ஏக்கருக்குக் காணும். முதல் ஆண்டுக் கணக்கைப் போட்டால், எல்லோருக்கும் சோறு போட 2,000 புஷல், முழு நிலத்தையும் விதைக்க 500 புஷல். கையில் மிஞ்சுவது 300. அதை வைத்துப் பத்துப் பதினைந்து ஏக்கர் வாங்கலாம், அல்லது வரும் ஆண்டுக்காகச் சேமிக்கலாம். எலிகள் களஞ்சியத்தைத் தின்னும். கொள்ளைநோய் வந்தால் குடிகளில் பாதி போய்விடும்.

படமில்லை, ஒலியில்லை. வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஆனாலும் பஞ்சம் வரும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது நிரலைத் திறந்து பாருங்கள். ஏக்கருக்கு விளைச்சல் எவ்வளவு என்பதை ஒரு வரி தீர்மானிக்கிறது. 1 முதல் 5 வரை ஒரு சமவாய்ப்பு எண். நீங்கள் எவ்வளவு நல்ல அரசராக இருந்தாலும் அதில் மாற்றமில்லை. நிலத்தின் விலையும் அப்படியே, 17க்கும் 26க்கும் இடையே ஏதோ ஓர் எண். ஒரே ஆண்டில் குடிகளில் 45 விழுக்காட்டுக்கு மேல் பட்டினியால் இறந்தால் உங்களை அரியணையிலிருந்து இறக்கிவிடுவார்கள். அந்த 45 ஒரு வரியில் எழுதியிருக்கிறது.

நிரலைப் படிக்கும் மாணவருக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் இருக்காது. 44 விழுக்காடு மக்கள் பட்டினியால் செத்தால் அரசர் நீடிக்கலாமா? அந்த எண்ணை யார் முடிவு செய்தது? பாசன வாய்க்கால் வெட்டினால் விளைச்சல் ஏன் கூடவில்லை? இவற்றுக்கெல்லாம் விடை ஒன்றே. எழுதியவர் அப்படி எழுதினார், நீங்கள் வேறு மாதிரி எழுதலாம். ஓர் உலகத்தைக் கணக்கில் வார்த்துக் காட்டும் எதுவும், அது பொருளாதார முன்கணிப்பாக இருந்தாலும் தொற்றுநோய் வரைபடமாக இருந்தாலும், யாரோ ஒருவரின் அனுமானங்களின் மேல் நிற்கிறது. இந்த அறிவு பெரியவர்களுக்கே எளிதில் வாய்ப்பதில்லை. ஹமுராபியைத் தட்டி, ஓட்டி, 45ஐ 20 ஆக மாற்றிய சிறுவர்களுக்கு வாய்த்தது. இன்றைய நகர நிர்மாண விளையாட்டுகள் இதைவிட ஆயிரம் மடங்கு நுட்பமானவை, அழகானவை. ஆனால் அவற்றில் வரி விகிதமும் குற்ற விகிதமும் எந்தச் சூத்திரத்தால் பிணைந்திருக்கின்றன என்பதைச் சாதாரண ஆட்டக்காரர் பார்க்க முடியாது.

அதே தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டுக்கு வேறு விதமான வரலாறு. 1971இல் மினியாபொலிஸ் நகரப் பள்ளியொன்றில் பயிற்சி ஆசிரியராக இருந்த டான் ராவிட்ச், எட்டாம் வகுப்புக்கு அமெரிக்க மேற்குக் குடியேற்றத்தைச் சொல்லித்தர ஒரு விளையாட்டை யோசித்தார். கணிதப் பயிற்சி ஆசிரியர்களான பில் ஹைன்மன், பால் டில்லன்பர்கர் இருவரும் சேர்ந்து இரண்டே வாரங்களில் அதை பேசிக்கில் எழுதினார்கள். 'ஓரிகன் டிரெயில்' என்ற அந்த விளையாட்டில் வேட்டையாட, துப்பாக்கிச் சத்தத்தைக் குறிக்கும் ஒரு சொல்லை வேகமாகத் தட்டவேண்டும். எவ்வளவு விரைவாகத் தட்டுகிறோமோ அவ்வளவு இறைச்சி. பருவம் முடிந்ததும் ராவிட்ச் நிரலைக் காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு கணினியிலிருந்து நீக்கிவிட்டார். 1974இல் மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, அந்தக் காகிதத்தைப் பார்த்து முழுவதையும் மறுபடி தட்டினார். பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோயும் விபத்தும் எவ்வளவு அடிக்கடி நேர்ந்தன என்று பார்த்து, விளையாட்டின் எண்களையும் திருத்தினார். பின்னாளில் அமெரிக்கக் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாக ஆடிய விளையாட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரு காகிதச் சுருளாக மட்டும் உயிர் பிழைத்திருந்தது.

அந்தக் காலத்து நிரல்களுக்குக் காகிதமே தாயகம். இதழ்களில் பக்கம் பக்கமாக நிரல்கள் அச்சாகி வந்தன. வாங்கி வந்து ஒவ்வொரு வரியாகத் தட்டவேண்டும். ஒரு காற்புள்ளி விடுபட்டாலும் ஓடாது. தட்டிய வரிகளுக்குச் சரிபார்ப்பு எண் தரும் சிறு நிரல்களை இதழ்களே வெளியிடும் அளவுக்குப் பிழைகள் மலிந்திருந்தன. இன்றைய கண்ணுக்கு இது வீண் உழைப்பாகத் தெரியலாம். நான் அப்படிக் கருதவில்லை. பிழையைத் தேடுகிறவர் வேறொருவரின் சிந்தனையை எழுத்தெழுத்தாகப் பின்தொடர்கிறார். எது எதற்காக அங்கே இருக்கிறது என்று கேட்காமல் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது.

*

விளையாட்டு மொழியையும் வடிவமைத்தது. ஸ்டீவ் வாஸ்னியாக் 1975இல் அட்டாரி நிறுவனத்துக்காக 'பிரேக்அவுட்' என்ற செங்கல் உடைக்கும் விளையாட்டை மின்சுற்றுகளாகவே கட்டியவர். 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியை உருவாக்கும்போது, அதே விளையாட்டைத் தாம் எழுதிய பேசிக்கிலேயே எழுத முடியவேண்டும் என்று விரும்பினார். வண்ணம், ஒலி, திருகு பிடி ஆகியவற்றுக்கான வசதிகள் அதற்காகவே சேர்ந்தன. செங்கல்லின் நிறத்தையும் பந்தின் வேகத்தையும் ஒரு வரியில் மாற்றிப் பார்க்க முடிந்தபோது, விளையாட்டுகள் இனி முன்போல் இருக்கப்போவதில்லை என்று தமக்குத் தோன்றியதை அவர் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பிரிட்டனில் 1981இல் வந்த இசட்.எக்ஸ்.81 கணினியில் மொத்த நினைவகமே 1 கிலோபைட். பாகங்களை நாமே கோத்துக்கொள்வதானால் விலை 49.95 பவுண்டு. அதே ஆண்டு இறுதியில் பி.பி.சி. நிறுவனம் மக்களுக்குக் கணினி அறிவு புகட்டும் தன் திட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனத்தைக் கொண்டு ஒரு கணினியைக் கொண்டுவந்தது. அதன் பேசிக்கை எழுதியவர் சோஃபி வில்சன். என் பார்வையில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த பேசிக் அதுதான்.

அந்த பி.பி.சி. கணினிதான் இந்தியப் பள்ளிகளுக்குள்ளும் நுழைந்தது. 1984இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டம் முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்கு அவற்றை வழங்கியது. ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் பேசிக்கைச் சந்தித்தது பிற்பாடு, ஊருக்கு ஊர் முளைத்த தனியார் கணினி மையங்களில், டாஸ் இயங்குதளத்தோடு வந்த ஜி.டபிள்யூ. பேசிக் வடிவில். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் குளிரூட்டிய அறைக்குள் போகவேண்டும். ஓர் இயந்திரத்துக்கு இரண்டு மூன்று பேர். இயந்திரம் கிடைக்கும் நேரம் சொற்பம் என்பதால் புரோகிராமை வீட்டிலேயே நோட்டில் எழுதி, ஒவ்வொரு மாறியின் மதிப்பையும் ஓரத்தில் குறித்து, மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் போவோம். அதற்கு 'டிரை ரன்' என்று பெயர். நான் கற்றதும் அப்படித்தான். ஒரு நிரல் என்ன செய்யும் என்பதை இயந்திரமில்லாமலே சொல்ல முடிந்த அந்தப் பழக்கத்தைப் பிற்காலத்தில் கற்ற எந்த மொழியும் எனக்கு அதே அழுத்தத்தோடு தரவில்லை.

1991இல் எம்.எஸ். டாஸ் 5.0 வெளிவந்தபோது அதோடு கியூபேசிக் வந்தது, கூடவே இரண்டு விளையாட்டுகள். ஒன்று 'நிபிள்ஸ்' என்ற பாம்பு விளையாட்டு. மற்றொன்று 'கொரில்லாஸ்'. வானுயர்ந்த கட்டடங்களின் மேல் இரண்டு கொரில்லாக்கள் நின்று ஒன்றையொன்று வெடிக்கும் வாழைப்பழத்தால் அடிக்கும். கோணத்தையும் வேகத்தையும் நாம் சொல்லவேண்டும், காற்று ஒரு பக்கமாக இழுக்கும். தொடங்கும்போதே புவியீர்ப்பு எவ்வளவு என்று கேட்கும், பூமிக்கு 9.8 என்ற குறிப்போடு. பதினோராம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கம் படித்துக்கொண்டிருந்தவர்கள் அங்கே 1.6 என்று போட்டு நிலவில் வாழைப்பழம் எறிந்தார்கள். இரண்டு விளையாட்டுகளும் முழு நிரலாகவே, திறந்து படிக்கும்படி வந்தன. எந்த மாறியை மாற்றினால் என்ன ஆகும் என்று தேடித் தேடி நிரலைக் கற்றவர்கள் பலர். விண்டோஸ் 95 வந்தபோது கியூபேசிக் குறுவட்டின் ஒரு மூலைக்குப் போனது. பின்னர் அங்கேயும் இல்லாமல் போனது.

*

பேசிக்கின் மேல் கடுமையான குற்றச்சாட்டு ஒன்று உண்டு. கணினி அறிவியல் முன்னோடி எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1975இல் எழுதிய குறிப்பொன்றில், பேசிக்கைக் கற்றுவிட்ட மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கத்தைக் கற்பிப்பது அநேகமாக முடியாத காரியம் என்றார். வரியெண்ணுக்குத் தாவும் 'கோ டு' கட்டளை நிரலைச் சிக்கெடுக்க முடியாத நூற்கண்டாக்கும் என்ற கவலை நியாயமானது. வீட்டுக் கணினிகளில் வந்த குறுக்கிய பேசிக்குகளைக் கெமெனியும் கர்ட்ஸுமே ஏற்கவில்லை. 1985இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதியதோடு, 'ட்ரூ பேசிக்' என்ற செம்மையான வடிவத்தையும் கொண்டுவந்தார்கள். டைக்ஸ்ட்ராவின் கணிப்பு மட்டும் பலிக்கவில்லை. பேசிக்கில் தொடங்கியவர்கள்தாம் அடுத்த முப்பது ஆண்டுகளின் மென்பொருளில் பெரும்பங்கை எழுதினார்கள். அவர் மொழியின் இலக்கணத்தை எடைபோட்டார். கற்றுக்கொள்பவருக்கும் இயந்திரத்துக்கும் இடையிலிருந்த தூரம் அவருடைய தராசில் ஏறவில்லை.

உளவியல் சொல்வதையும் கேட்க வேண்டும். மனிதர்கள் முதுமையில் திரும்பிப் பார்க்கும்போது ஏறக்குறைய 10 முதல் 30 வயதுக்குட்பட்ட நினைவுகளே அடர்த்தியாகத் திரண்டு நிற்கின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட ஒன்று. முதன்முதலாக நிகழ்ந்தவை ஆழமாகப் பதிகின்றன. தம் கையால் செய்ததற்கு மனிதர்கள் கூடுதல் மதிப்பு தருகிறார்கள் என்பதையும் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பேசிக் விளையாட்டில் இவை இரண்டும் சேர்ந்திருந்தன. இதுதான் முழுக் காரணம் என்றால், அந்தக் காலத்தில் பிறக்காதவர்களுக்கு இந்த ஏக்கம் வரக்கூடாது.

வருகிறது. ஜோசப் வைட் உருவாக்கிய 'பிக்கோ-8' அதற்குச் சாட்சி. எந்தக் காலத்திலும் இல்லாத ஒரு பழைய கணினியின் கற்பனை வடிவம் அது. 128க்கு 128 புள்ளிகள் கொண்ட திரை, 16 வண்ணங்கள், நிரலின் நீளத்துக்கும் ஒரு கறாரான வரம்பு. மொழி பேசிக் அல்ல, லுவா. ஆனால் விளையாட்டின் நடுவே 'எஸ்கேப்' விசையை அழுத்தினால் விளையாட்டு நிற்கும். இன்னொருமுறை அழுத்தினால் அதன் நிரல் திரைக்கு வரும். கமடோர் 64ஐக் கண்ணால் பார்த்திராத இளைஞர்கள் இதில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை எழுதுகிறார்கள். பெரும்புகழ் பெற்ற 'செலஸ்ட்' விளையாட்டின் முதல் வடிவம் 2015இல் இதில்தான் நான்கு நாட்களில் எழுதப்பட்டது. இவர்கள் நினைவுகூர எதுவும் இல்லை. முழுவதையும் மனத்துக்குள் பிடித்துவைக்கக்கூடிய ஒரு சிறு உலகம் அவர்களுக்கு வேண்டியிருக்கிறது. இளமையைக் கழித்தாலும் மிஞ்சுவது என்று நான் சொன்னது இதைத்தான்.

ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏக்கக் கட்டுரைகள் பெரும்பாலும் இதைத் தாண்டிப்போகின்றன. பேசிக் பிறந்தபோது டார்ட்மவுத் ஆண்களுக்கு மட்டுமான கல்லூரி. கெமெனி அதன் தலைவரான பிறகு, 1972இல்தான் பெண்கள் பட்டப்படிப்பில் சேர்க்கப்பட்டார்கள். எண்பதுகளில் வீட்டுக் கணினி விளம்பரங்கள் சிறுவர்களை நோக்கியே வந்தன. அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1984வாக்கில் 37 விழுக்காடு. அதன் பின் அது சரிந்து, கால் நூற்றாண்டில் பாதியாகிவிட்டது. வீட்டுக் கணினி பரவிய காலமும் இந்தச் சரிவு தொடங்கிய காலமும் ஒன்று. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் தொண்ணூறுகளில் மாணவ மாணவிகளிடம் விரிவாகப் பேசியபோது, பல வீடுகளில் கணினி மகனின் அறையில் வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. மகள் அதை எட்டிப் பார்த்தாள். பல்கலைக்கழகம் சேர்க்கையில் முன் அனுபவத்துக்குத் தந்த எடையைக் குறைத்து, பாடத்தொடக்கத்தையும் மாற்றியது. 1995இல் 7 விழுக்காடாக இருந்த மாணவியர் சேர்க்கை 2000இல் 42 விழுக்காடானது. பத்து வரி நிரல் எவருக்கும் எளிதாக இருந்தது. இயந்திரம் இருந்த அறைக்குள் போவதுதான் எல்லோருக்கும் எளிதாக இல்லை. நம் ஊர்க் கணினி மையத்துக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற மலிவு விலைக் கணினி இந்த இழப்பை நேரடியாக எதிர்கொண்ட முயற்சி. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் நிரல் அனுபவம் ஆண்டுக்காண்டு சுருங்குவதைக் கண்ட எபன் அப்டனும் அவருடைய குழுவினரும் அதைத் தொடங்கினார்கள். அதன் இரு வடிவங்களுக்கு அவர்கள் இட்ட 'மாடல் ஏ', 'மாடல் பி' என்ற பெயர்கள் பி.பி.சி. கணினியிடமிருந்து எடுத்தவை. 2007இல் எம்.ஐ.டி. வெளியிட்ட 'ஸ்கிராட்ச்' மொழியில் பிறர் செய்த எந்த விளையாட்டையும் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே பார்க்கலாம், மாற்றித் தம் வடிவமாக வெளியிடலாம். பழைய 'லிஸ்ட்' கட்டளையின் நேர் வாரிசு அந்தப் பொத்தான். தமிழிலேயே கட்டளை எழுதும் 'எழில்' மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே அதைச் செய்தார். அதன் இலக்கணம் பெரிதும் பேசிக்கை ஒத்தது.

இன்று ஒரு குழந்தை, பாம்பு விளையாட்டு வேண்டும் என்று செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் நொடியில் முழு நிரல் வந்துவிடும். நிரல் மறுபடியும் கண்முன் இருக்கிறது, திறந்தே இருக்கிறது. இதை நான் கெடுதலாகப் பார்க்கவில்லை. ஆனால் அதைப் படிக்க வேண்டிய தேவை ஏதும் இல்லாமலே விளையாட்டு ஓடிவிடுகிறது. அன்று பிழைகள் நம்மைப் பிடித்து நிறுத்திப் படிக்க வைத்தன. இனி ஆசிரியர் ஒருவர்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

அதற்குத் தேவையான பாடநூல் ஏற்கெனவே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான ஜெஃப் அட்வுட்டின் முன்முயற்சியில், டேவிட் ஆல் தொகுத்த பழைய விளையாட்டுகளைத் தன்னார்வலர்கள் இன்றைய மொழிகளுக்கு மாற்றி, யாரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார்கள். பைத்தானிலும் ஹமுராபி இருக்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடம் பைத்தான்தான். ஒரு வகுப்பு நேரத்தை ஒதுக்கி, மாணவிகளையும் மாணவர்களையும் பத்தாண்டு ஆளவிட்டு, பிறகு அந்த 45 விழுக்காடு எந்த வரியில் இருக்கிறது என்று தேடச் சொல்லலாம். எந்த எண்ணாக அதை மாற்றுவார்கள், ஏன் என்று அவர்களிடமே கேட்கலாம்.